எந்தக் கடிகாரத்தை நம்பி அளப்பது? மாங்காய் மண்டியின் எடைப் பக்கத்துக்காக ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டணத்திலும் உள்ள மாங்காய் மண்டிகளுக்கு வலைப்பக்கம் எழுதிக் கொடுப்பது என் வேலை. வண்டி எடை போட்டு இறங்கியதும் லாட் எண், விவசாயியின் பெயர், ரகம், எடை, கழிவு எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை தன் மொபைலிலேயே பதிந்து "சேமி" பொத்தானைத் தொடுவார். பருவம் உச்சத்தில் இருக்கும்போது இந்தப் பக்கத்தைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "தொட்டால் உடனே அசைய மாட்டேன் என்கிறது, தம்பி." அசையவில்லை என்று அவர் மறுபடியும் தொடுகிறார். ஒரே டிராக்டர் பெங்களூரா ரகக் காய் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடுகிறது. சாயங்காலம் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும்போது மண்டிக்காரருக்கும் விவசாயிக்கும் நடுவில் பேச்சு தடிக்கிறது.

இரட்டைப் பதிவைத் தடுப்பது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்திலேயே ஒரு தனி அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே எண் இரண்டாம் முறை வரும்போது சர்வர் தள்ளிவிடும். ஆனால் அது அறிகுறிக்குத்தான் மருந்து. தாமதம் எங்கே பிறக்கிறது என்று அளந்தால்தான் நோய் பிடிபடும். அளப்பதற்கு உலாவி பல கடிகாரங்களை நம் கையில் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் வேறொரு கணத்திலிருந்து ஓடுகிறது. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிகாரம் அதிக நுட்பமானது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது எந்தக் கணத்தில் எண்ணத் தொடங்குகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோ விநாடிக்காக (விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சண்டை போடும் பல கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். மண்டியில் வெயிலில் நிற்கும் மனிதருக்கு வலிப்பது மைக்ரோ விநாடி அல்ல. கால் விநாடியும் அரை விநாடியும்தான். அந்தக் கால் விநாடி, தவறான இடத்தில் வைத்த கடிகாரத்துக்குக் கண்ணிலேயே படாது.

சுவர்க் கடிகாரம்: டேட்.நவ்

உலாவிக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிறந்தபோதே, நேரத்தைக் கையாளும் 'டேட்' அதனுடன் வந்துவிட்டது. ஜாவா மொழியின் டேட் வகுப்பைப் பார்த்து அவசரத்தில் செய்யப்பட்டது அது. 'டேட்.நவ்' என்ற சுருக்க வழி 2009இல் வந்த, அந்த மொழித் தரத்தின் ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஓடியிருக்கிறது என்று முழு எண்ணாகச் சொல்லும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதோ கடல் கடந்து இன்னொரு ஊர் பின்னால் இருப்பதோ இந்த எண்ணைப் பாதிக்காது. அதனால்தான் எல்லாரும் கையை முதலில் இதன் மேல் வைக்கிறார்கள்.

இது 'எப்போது' என்ற கேள்விக்கான கடிகாரம். 'எவ்வளவு நேரம்' என்ற கேள்விக்கு இதை வைத்தால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் கவிழ்த்துவிடும். காரணம், இது போனின் கடிகாரத்தை அப்படியே படிக்கிறது. போனின் கடிகாரமோ நடுவழியில் திருத்தப்படக்கூடியது. பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து மறுபடி உயிர் பெற்ற பழைய போன், சிக்னல் கிடைத்த பிறகு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். யாராவது அமைப்புகளுக்குள் போய்க் கையால் நேரத்தை மாற்றலாம். நெட்வொர்க் நேரத்தோடு ஒத்துப்போக இயங்குதளமே சில மில்லி விநாடி முன்னும் பின்னும் நகர்த்தலாம். நீங்கள் தொடக்கத்தை ஒரு பக்கமும் முடிவை இன்னொரு பக்கமும் படித்திருந்தால், கழித்துப் பார்க்கும்போது விடை எதிர்மறை எண்ணாகக்கூட வரும். தொடங்கும் முன்பே முடிந்த வேலை என்று பதிவேட்டில் ஒரு வரி நிற்கும்.

இன்னொரு நுணுக்கம்: இந்த எண் நெடுவிநாடிகளைக் கணக்கில் கொள்வதில்லை. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக 1972 முதல் 27 விநாடிகள் உலக நேரத்தில் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன. கடைசியாகச் செருகியது 2016 டிசம்பர் 31 முடியும் நொடியில். நமக்கு அது 2017 ஜனவரி 1 அதிகாலை 5:29:60. அந்த நொடியை டேட் அறியாது. மண்டிக் கணக்குக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சுவர்க் கடிகாரம் என்பது ஏற்பாட்டால் ஓடும் கடிகாரம், அளவுகோலாகச் செய்யப்பட்டதல்ல என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

அளவுகோல் கடிகாரம்: பெர்ஃபார்மன்ஸ்.நவ்

அளப்பதற்கென்றே தனியாக ஒன்று வேண்டும் என்று உணர்ந்து, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2012 டிசம்பரில் உயர்நுட்ப நேரத் தரத்தை இறுதி செய்தது. அதில் வந்தது 'பெர்ஃபார்மன்ஸ்.நவ்'. இது எண்ணத் தொடங்கும் கணம், இந்தப் பக்கம் பிறந்த கணம். அதைத் 'டைம் ஆரிஜின்' என்கிறார்கள். விடை பின்னத்தோடு வரும். முக்கியமாக, இது பின்னால் போகவே போகாது. போனின் நேரத்தை யார் திருத்தினாலும் இது தன் போக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஹேண்ட்லர் (தொடுதல் போன்ற நிகழ்வு வந்ததும் ஓடும் நம் நிரல் துண்டு) எவ்வளவு நேரம் எடுக்கிறது, சர்வருக்குப் போய்வர எவ்வளவு ஆகிறது, 600 வரிப் பட்டியலை வரிசைப்படுத்த எவ்வளவு ஆகிறது என்பதற்கெல்லாம் இதுவே சரி. இரண்டு இடத்தில் படித்து ஒன்றை ஒன்றிலிருந்து கழித்தால் போதும். சுவர்க் கடிகாரத்துக்கும் இதற்கும் இடையில் அளவீட்டுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எனக்கு யோசனையே வேண்டியதில்லை.

ஆனால் இதன் நுட்பத்தைப் பற்றி ஒரு பெரிய மாயை உலவுகிறது. பின்னத்துக்குப் பிறகு நீளமாக இலக்கங்கள் வருவதால் அவை எல்லாமே உண்மை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை; வேண்டுமென்றே மழுங்கடித்த கடிகாரம் இது. 2015இல் ஆய்வாளர்கள், நுட்பமான கடிகாரம் கிடைத்தால் ஒரு வலைப்பக்கத்து ஸ்கிரிப்ட்டே பிராசஸர் அடிக்கடி வேண்டியதை வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகத்தை வேவு பார்க்க முடியும் என்று காட்டினார்கள். உலாவிகள் கடிகாரத்தின் நுட்பத்தை 5 மைக்ரோ விநாடிப் படிக்குக் குறைத்தன. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புப் பலவீனம் வெளியானதும் இன்னும் பலமாகக் குறைத்தன. இன்று சாதாரணப் பக்கத்தில் குரோம் 100 மைக்ரோ விநாடிப் படியில் காட்டுகிறது. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் 1 மில்லி விநாடிப் படியில் காட்டுகின்றன. 0.03 மில்லி விநாடியில் முடியும் ஒரு வேலையை ஃபயர்பாக்ஸில் ஒரே முறை அளந்தால் 0 அல்லது 1 என்றுதான் விடை வரும், இரண்டுமே பொய்.

மழுங்கலை நீக்க ஒரு வழி இருக்கிறது. சர்வர் பக்கத்தோடு இரண்டு தலைப்புகளை (உலாவிக்கான குறிப்பு வரிகள்) அனுப்பி, மற்ற தளங்களிலிருந்து தன் பக்கத்தைத் தனிமைப்படுத்திக்கொண்டால் குரோம் 5 மைக்ரோ விநாடியும் ஃபயர்பாக்ஸ் 20 மைக்ரோ விநாடியும் தரும். மண்டிப் பக்கத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். தனிமைப்படுத்தினால் பக்கத்துக்குள் பதித்த வெளி வரைபடம், வெளித் தளத்துப் படங்கள், தனிச் சாளரத்தில் திறக்கும் பணப் பரிமாற்றப் பக்கம் எல்லாம் தொடர்பு அறுந்து தகராறு செய்யத் தொடங்கும். கால் விநாடித் தாமதத்தைத் தேடுகிறவருக்கு 100 மைக்ரோ விநாடிப் படியே தாராளம். மிகச் சிறிய வேலையைத்தான் அளக்க வேண்டும் என்றால், அதை ஆயிரம் முறை சுற்றவிட்டு மொத்தத்தை ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிகாரம் தோற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அதன் எண்ணுக்கு இந்தப் பக்கத்துக்கு வெளியே பொருள் கிடையாது. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் அந்த எண்ணை அப்படியே தரவுத்தளத்தில் எழுதி வைப்பது வீண். இரண்டாவது, தூக்கம். சாதனம் உறங்கும்போதும் இது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. நடைமுறையில் விண்டோஸ் தவிர்த்த இடங்களில் குரோமில் அது நின்றுவிடுகிறது. மண்டியில் ஆண்ட்ராய்டு போன்தான் எங்கும். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கணக்குப்பிள்ளை போனைப் பூட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வண்டி வாசலில் நுழைந்ததிலிருந்து எடை ஏறும்வரை எத்தனை நிமிடம் காத்திருந்தது என்று இந்தக் கடிகாரத்தால் கணக்கிட்டால், போன் உறங்கிய நிமிடங்கள் கணக்கில் விழாமல் போகலாம். அந்த வேலைக்குச் சுவர்க் கடிகாரமே மேல். அதைவிட மேல் சர்வரின் நேரம்.

ஒரு தொடுதலை நெருங்கிப் பார்த்தால்

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். கணக்குப்பிள்ளை "சேமி"யைத் தொட்டு விரலை எடுக்கிறார். எடுத்த கணத்தைப் போனின் இயங்குதளம் குறித்துக்கொள்கிறது. செய்தி உலாவிக்கு வருகிறது. உலாவி அதை நம் பக்கத்தின் முதன்மை இழையிடம் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் ஓட்டம்) கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட், பக்க அமைப்பு, அலங்காரக் கணக்கு எல்லாம் அந்த ஒரே இழையில்தான் நடக்கின்றன. அந்த நேரம் பார்த்து இழை வேறு வேலையில் இருக்கிறது: சர்வரிலிருந்து வந்த அன்றைய பட்டியலைப் பிரித்துத் திரையில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. தொடுதல் வரிசையில் நிற்கிறது. இழை காலியானதும் நம் ஹேண்ட்லர் ஓடுகிறது. அது முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. மாறிய பக்கத்தின் அலங்காரத்தைக் கணக்கிட்டு, இடம் ஒதுக்கி, வரைந்து, அடுத்த ஃப்ரேமில், அதாவது திரை அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, காட்ட வேண்டும். "சேமிக்கப்பட்டது" என்ற பச்சை எழுத்து கண்ணில் படுவது அப்போதுதான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு வைத்துக்கொள்வோம். வரிசையில் நின்றது 180 மில்லி விநாடி. ஹேண்ட்லர் ஓடியது 60. திரையில் வர எடுத்தது 90. மனிதர் காத்திருந்தது மொத்தம் 330 மில்லி விநாடி. ஹேண்ட்லரின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் பெர்ஃபார்மன்ஸ்.நவ் வைத்து அளக்கும் நிரலாளர் பார்ப்பது வெறும் 60. அவர் மண்டிக்குப் போன் செய்து, "ஐயா, எங்கள் பக்கத்தில் தாமதமே இல்லை, உங்கள் போன்தான் பழையது" என்று முழு நம்பிக்கையோடு சொல்லுவார். கையில் ஆதாரம் இருக்கிறதே! விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற வண்டியின் காத்திருப்பை, அது எடைமேடை மேல் ஏறிய பிறகு எண்ணத் தொடங்குவது போன்றது இது. கடிகாரத்தில் குறையில்லை. அதை வைத்த இடம்தான் தவறு.

இந்த இடத்தில் நான் மிகவும் மதிக்கும் கடிகாரம் வருகிறது: ஒவ்வொரு நிகழ்வோடும் ஒட்டிக்கொண்டு வரும் 'டைம்ஸ்டாம்ப்'. ஹேண்ட்லருக்குள் வரும் நிகழ்வுப் பொருளிலேயே அது இருக்கிறது. தனியாக எதையும் கேட்க வேண்டியதில்லை. பழைய காலத்தில் இதை நம்ப முடியாது. ஓர் உலாவியில் 1970இலிருந்து எண்ணும், இன்னொன்றில் கணினி உயிர் பெற்றதிலிருந்து எண்ணும். 2016இல் குரோம் 49ஆம் பதிப்பு இதைப் பெர்ஃபார்மன்ஸ்.நவ் ஓடும் அதே அச்சுக்கு மாற்றியது. மற்ற உலாவிகளும் அந்த வழிக்கு வந்தன. தொடுதல், விசை அழுத்தம் போன்ற உண்மையான உள்ளீட்டுக்குக் குரோம் இயங்குதளம் குறித்த கணத்தையே இதில் தருகிறது. ஆகவே ஹேண்ட்லரின் முதல் வரியில் பெர்ஃபார்மன்ஸ்.நவ்விலிருந்து டைம்ஸ்டாம்பைக் கழித்தால், தொடுதல் வரிசையில் நின்ற அந்த 180 கையில் வந்துவிடும். ஒரே ஒரு கழித்தல். இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய உண்மையைத் தரும் வரி வேறு எதுவும் உலாவியில் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியிருந்தும் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை உண்டு. ஸ்கிரிப்ட்டே உருவாக்கி அனுப்பும் போலி நிகழ்வுகளில் டைம்ஸ்டாம்ப் அந்த நிகழ்வு உருவான கணத்தைத்தான் காட்டும், விரல் பட்ட கணத்தை அல்ல. 'இஸ் டிரஸ்டட்' என்ற பண்பு உண்மை என்று இருந்தால் மட்டும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

மறுமுனையைப் பிடிப்பது

தொடக்கம் கிடைத்துவிட்டது. திரையில் வந்த கணம்? இங்கே இரண்டு வழிகள்.

பழைய வழி, 'ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம்'. அடுத்த ஃப்ரேம் வரைவதற்குச் சற்று முன் நம்மை அழைக்கும். அழைக்கும்போது ஒரு நேரத்தையும் கையில் கொடுக்கும். அது ஃப்ரேம் தொடங்கிய நேரம். ஒரே ஃப்ரேமில் எத்தனை அழைப்பு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் கிடைக்கும். அசைவுப் படங்களுக்கு அது மிகப் பொருத்தம், ஏனென்றால் எல்லா உருவமும் ஒத்த நேரத்தில் நகர வேண்டும். ஆனால் வரைந்து முடித்த கணம் அது அல்ல. அதனால் அந்த அழைப்புக்குள், சற்றுப் பிறகு ஓடச் சொல்லும் ஒரு 'செட் டைம்அவுட்' வைத்து, அது ஓடும்போது நேரத்தைப் படிப்பார்கள். ஃப்ரேம் வரைந்த பிறகு ஓடும் வாய்ப்பு அதிகம் என்பதால், விடை உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. பிழையும் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தாவல் பின்னணிக்குப் போய்விட்டால் இந்த அழைப்பு வரவே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். செட் டைம்அவுட்டையும், குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் செட் இன்டர்வலையும் மட்டுமே கடிகாரமாக வைத்து விநாடி எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம்: பின்னணித் தாவலில் அவை விநாடிக்கு ஒரு முறையாகவும், குரோமில் 5 நிமிடம் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறையாகவும் சுருங்கிவிடும்.

புதிய வழி, நிகழ்வு நேரப் பதிவு. 'பெர்ஃபார்மன்ஸ் அப்சர்வர்' என்ற கவனிப்பாளரை வைத்து, 'ஈவென்ட்' வகைப் பதிவுகள் வேண்டும் என்று கேட்டால் உலாவியே எல்லாவற்றையும் அளந்து கொடுக்கும். தொடுதல் நடந்த கணம், ஹேண்ட்லர் தொடங்கிய கணம், முடிந்த கணம், திரையில் காட்டும்வரை ஆன மொத்தம் என்று நான்கும் ஒரே பதிவில் வரும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மொத்தம் 328 என்று காட்டும், 330 அல்ல. பாதுகாப்புக்காக மொத்தத்தை 8 மில்லி விநாடிப் படிக்கு வட்டமாக்குகிறார்கள். கேட்காமல் விட்டால் 104 மில்லி விநாடிக்குக் குறைவான நிகழ்வுகளைத் தராது. வரம்பை 16 வரை இறக்கிக் கேட்கலாம். 2024 மார்ச் 12 முதல் கூகுள் தன் பக்கத் தர அளவீடுகளில் சேர்த்திருக்கும் ஐ.என்.பி. (தொடுதலிலிருந்து அடுத்த காட்சி திரையில் வரும்வரையான தாமதம்) இந்தப் பதிவுகளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது: 200 மில்லி விநாடிக்குள் இருந்தால் நன்று, 500ஐத் தாண்டினால் மோசம். அதற்கு முன்பு இருந்த எஃப்.ஐ.டி. முதல் தொடுதலின் வரிசைக் காத்திருப்பை மட்டும்தான் பார்த்தது. நாள் முழுவதும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து நூற்றுக்கணக்கான பதிவு போடும் மண்டிக்கு, முதல் தொடுதலை மட்டும் பார்ப்பதில் என்ன லாபம்? இந்த மாற்றம் நம்மைப் போன்ற பக்கங்களுக்கு உண்மையிலேயே நல்லது.

இதன் குறை, எல்லா உலாவியிலும் ஒரே நாளில் வரவில்லை. குரோம் 76ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் பிறகு சேர்த்தது. சஃபாரி மிகவும் பிந்தியது. மண்டி முதலாளியின் கையில் இருக்கும் ஐபோனில் இது இல்லாமல் இருக்கலாம் என்று வைத்தே எழுத வேண்டும். ஆதரவு இருந்தால் இதைப் பயன்படுத்துவது, இல்லாவிட்டால் டைம்ஸ்டாம்பும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமும் என்று இரட்டை ஏற்பாடாக வைத்துக்கொண்டால் போதும்.

180 மில்லி விநாடி வரிசையில் நின்றது தெரிந்துவிட்டது, யார் நிறுத்தினார்கள்? இதற்கு நிகழ்வு நேரப் பதிவு பதில் சொல்லாது. 50 மில்லி விநாடிக்கு மேல் இழையைப் பிடித்துவைத்த வேலைகளை 'லாங் டாஸ்க்' என்று பழைய ஏற்பாடு ஒன்று காட்டும்; ஆனால் எந்த ஸ்கிரிப்ட் என்று பெயர் சொல்லாது. 2024இல் குரோம் 123இல் வந்த 'லாங் அனிமேஷன் ஃப்ரேம்' பெயரையும் சொல்கிறது: எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, எவ்வளவு நேரம். இதையும் நிகழ்வு நேரப் பதிவையும் நேர அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குற்றவாளி தப்ப முடியாது. பட்டியலை முழுதாக மறுபடி வரையும் வரிதான் இழையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால், புதிய வண்டியின் வரியை மட்டும் சேர்க்கும்படி அதை மாற்றி எழுதிவிடலாம்.

குறியிட்டு அளப்பது

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது: ஒரு கணத்தைக் குறித்து வைக்கும் 'மார்க்', இரண்டு கணங்களுக்கு இடையிலான நேரத்தை அளக்கும் 'மெஷர்'. 2013 டிசம்பரில் தரமாக அறிவிக்கப்பட்டவை. பெர்ஃபார்மன்ஸ்.நவ்வின் அதே கடிகாரம்தான். ஆனால் ஒவ்வொரு கணத்துக்கும் பெயர் வைக்கலாம். "சரிபார்ப்பு தொடக்கம்", "சர்வர் பதில்" என்று பெயர் வைத்த குறிகள் குரோமின் நிரலாளர் கருவியில் காலக்கோட்டின் மேல் பட்டைகளாகத் தெரியும். மண்டியின் போனையே யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைத்துப் பார்க்கலாம். நம் விலையுயர்ந்த லேப்டாப்பில் 8 மில்லி விநாடியில் முடிவது அவர்கள் போனில் எத்தனை மடங்கு இழுக்கிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் எழுதும் நிரலாளர்கள் கட்டாயம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தரத்தின் மூன்றாம் நிலையில் இன்னொரு வசதி சேர்ந்தது, அதுதான் எனக்கு மிகவும் உதவுகிறது. மெஷருக்குத் தொடக்கமாக ஒரு குறியின் பெயருக்குப் பதில் நேரத்தையே கொடுக்கலாம். அப்படியானால் நிகழ்வின் டைம்ஸ்டாம்பையே தொடக்கமாகக் கொடுத்துவிடலாம்! ஹேண்ட்லர் தொடங்கிய கணத்துக்குப் பதில் விரல் எடுத்த கணத்திலிருந்து பட்டை நீளும். கூடவே லாட் எண், பட்டியலில் எத்தனை வரி என்ற விவரங்களையும் இணைக்கலாம். 'கன்சோல்.டைம்' என்ற சிறு கருவியும் உண்டு. மேஜையில் உட்கார்ந்து சோதிக்கும்போது பரவாயில்லை, களத்தில் அதற்கு வேலை இல்லை.

குறிகளுக்கு உலாவி வரம்பு வைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். காலையிலிருந்து இரவுவரை மூடாத பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் நான்கைந்து குறிகள் சேர்ந்துகொண்டே போகும். அனுப்பியதும் அழித்துவிட வேண்டும்.

முடிவெடுக்கும் இடம்

எடைப் பக்கத்துக்கு நான் வைத்திருப்பது இதுதான். தாமதத்தை அளக்க நிகழ்வு நேரப் பதிவு. அது இல்லாத உலாவியில் டைம்ஸ்டாம்பைத் தொடக்கமாகக் கொண்ட மெஷர். சர்வருக்குப் போய்வரும் நேரத்தைத் தனி மெஷராகப் பிரித்து வைக்கிறேன். இல்லாவிட்டால் டவர் கிடைக்காத மலையோரத் தோப்பின் தாமதமும் நம் நிரலின் தாமதமும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

சீட்டில் அச்சாகும் நேரம் வேறு விஷயம். அது விவசாயிக்கும் மண்டிக்கும் நடுவே சாட்சி சொல்ல வேண்டிய நேரம். அதைச் சர்வர்தான் எழுத வேண்டும். சர்வரும் தன் நேரத்தைப் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவை போன்ற நம்பகமான இடத்தோடு ஒத்துவைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு இல்லாதபோது பதிந்து வைக்கும் பதிவுக்கு டேட்.நவ்வை எழுதிக்கொள்ளலாம், ஆனால் இணைப்பு வந்ததும் சர்வர் நேரத்துக்கும் போன் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, போன் சொன்ன நேரம், திருத்திய நேரம் இரண்டையும் சேர்த்தே சேமிப்பது முறை. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடி போல ஏலம் நடக்கும் இடத்துக்கு ஒரு பக்கம் எழுத நேர்ந்தாலும் இதே வழிதான். யார் விலை முதலில் கேட்டது என்பதை உலாவியின் எந்தக் கடிகாரமும் தீர்மானிக்கக் கூடாது. போனின் நேரத்தை ஐந்து நிமிடம் பின்னால் தள்ளி வைக்க எவருக்கும் அரை நிமிடம் போதும். பெர்ஃபார்மன்ஸ்.நவ்வைத் திருத்த முடியாது என்றாலும், அனுப்பும் எண்ணை மாற்றி அனுப்ப முடியும். சர்வருக்கு எந்த வரிசையில் வந்ததோ அதுவே வரிசை. ஒரு வியாபாரியின் இணைப்பு மெதுவாக இருப்பது அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் எல்லாரும் சரிபார்க்கக்கூடிய அநியாயம் அது ஒன்றுதான். அதைக் குறைக்க ஏல விதியில் ஒரு சிறு நீட்டிப்பு நேரம் வைக்கலாம். கடிகாரத்தை நம்பி ஈடுகட்ட முயல வேண்டாம்.

கடைசியாக, அளந்ததை எப்போது அனுப்புவது என்ற கேள்வி. பக்கத்தை மூடும்போது அனுப்பலாம் என்று பலர் 'அன்லோடு' நிகழ்வில் வைக்கிறார்கள். மண்டியில் யாரும் பக்கத்தை மூடுவதில்லை; போனைப் பூட்டுவார்கள், வேறு செயலிக்குப் போவார்கள், நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டே பக்கத்தைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். அப்போது அன்லோடு வரவே வராது. பக்கம் மறையும்போது வரும் 'விசிபிலிட்டி சேஞ்ச்' நிகழ்வில், 'சென்ட் பீக்கன்' வழியாக அனுப்புங்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் உலாவி அதைப் பின்னணியில் சேர்த்துவிடும். ஒவ்வொரு முறை பக்கம் மறையும்போதும் சேர்ந்ததை அனுப்பிவிட்டுக் குறிகளை அழித்தால், நினைவகமும் நிரம்பாது. போன் பகலில் எந்த நொடியில் அணைந்தாலும் அதுவரை அனுப்பிய அளவீடு நம்மிடம் இருக்கும்.